பெயர் ஒத்துப்போனால் மூதாதை ஆகிவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் காலனி காலத்துக் குடும்பங்களின் வேர் தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்வமாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் படித்து முடித்தபோது எனக்குக் கவலையாகிவிட்டது. இணையத்தில் தாத்தா பேரைத் தட்டினால் போதும், மற்றவர்கள் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கும் குடும்ப மரத்தோடு நம்முடையதை ஒட்டிக்கொண்டு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது அது. உயிலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, நிலப் பத்திரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1600களிலும் 1700களிலும் அங்கே வாழ்ந்த ஒரு சாதாரண மனிதர் யாருடைய பிள்ளை என்று நிரூபிக்க, பெரும்பாலான இடங்களில் மிஞ்சியிருப்பதே அந்த இரண்டும்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல்தான் தொடங்கியது, அதிலும் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதினார்கள், மனைவி மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்று சொல்லும் பகுதியின் ஊர்களில் பிறப்பு, இறப்பை ஓரளவு பதிந்துவைத்தார்கள். வர்ஜீனியா பக்கம் வந்தால் அந்த வசதியும் குறைவு.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் மகன் கட்டியிருக்கும் பெண் வர்ஜீனியாவின் பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள். சம்பந்தியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வம்ச மரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், உச்சியில் இங்கிலாந்துப் பிரபு ஒருவர், பக்கத்தில் கேடயச் சின்னம். என் பேத்திக்கும் அது பாட்டன் பரம்பரை ஆயிற்றே என்று ஆசையாகக் கேட்டேன், இதற்கெல்லாம் எங்கேயிருந்து ஆதாரம் எடுத்தீர்கள் என்று. இன்னொருவர் போட்ட மரத்திலிருந்து என்றார். அவர் வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தார். சரி, கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றப் பதிவேட்டின் படங்களைத் திறந்து பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். மரத்தில் அப்பா என்று போட்டிருந்தவரின் உயில் கிடைத்தது. அதில் அந்த மகன் வயதுக்கு வராத பையன், அவன் பங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியனை நியமித்திருக்கிறார்கள். மரத்தில் இருக்கும் மனிதரோ அதே வருடம் அடுத்த கவுன்டியில் தன் மனைவியோடு சேர்ந்து நிலம் விற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே பெயர், இரண்டு ஆட்கள். அந்த ஒரு பக்கத்தோடு பிரபு போனார், கேடயமும் போயிற்று. சம்பந்தியம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். அப்புறம் உண்மையான ஆள் யார் என்று தேடுவதில் என்னைவிட அவர்தான் தீவிரமாகிவிட்டார்.

பெயர் ஒற்றுமையை நம்பக் கூடாது என்பதற்கு ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1859இல் லிங்கன் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தன் தாத்தா, அவர் பெயரும் ஆபிரகாம்தான், வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுன்டியிலிருந்து கென்டக்கிக்குப் போனவர் என்றும், அதற்கு முன்னோர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டிக்காரர்கள் என்றும் அதில் சொல்கிறார். நியூ இங்கிலாந்தில் இருக்கும் லிங்கன் குடும்பத்தோடு தங்களை இணைத்துப் பார்க்கும் முயற்சி நடந்ததாம், ஆனால் ஏனாக், லீவை, மோர்டெகாய், சாலமன், ஆபிரகாம் என்று இரு பக்கமும் ஒரே மாதிரி பெயர்கள் இருப்பதைத் தாண்டி உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்தார். நினைத்துப் பாருங்கள், ஜனாதிபதியாகப் போகிற மனிதர், பெயர் பொருந்துகிறதே என்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தெரிந்தது இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பியது உயில்களையும் பத்திரங்களையும் வைத்துத்தான். மசாசூசெட்ஸில் 1727இல் இறந்த மோர்டெகாய் லிங்கனின் உயிலில், வெளியூர் போய்விட்ட மோர்டெகாய், ஆபிரகாம் என்ற இரண்டு மகன்களுக்கும் பங்கு எழுதியிருக்கிறது. அந்த மகன் மோர்டெகாய் நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியா போய் 1736இல் இறக்கிறார், அவர் உயிலில் மூத்த மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் நிலத்தைக் கொடுக்கிறார். பிற்பாடு அதே நிலத்தை ஜான் விற்கிறபோது தான் இன்னார் மகன் என்று பத்திரத்தில் சொல்கிறார். இந்த ஜான்தான் 1768இல் வர்ஜீனியா போய் நிலம் வாங்கியவர், அவர் மகன்தான் லிங்கன் குறிப்பிட்ட தாத்தா. மாநிலம் விட்டு மாநிலம் போனவர்களை ஒரு துண்டு நிலம் பிடித்துக்கொடுத்திருக்கிறது. 1637இல் கப்பலில் வந்து மசாசூசெட்ஸின் ஹிங்ஹாமில் குடியேறிய சாமுவேல் லிங்கன் வரைக்கும் கோடு போய்விட்டது, ஆக அந்தப் பெயர் ஒற்றுமை கடைசியில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் 1859இல் லிங்கன் மறுத்தது சரி. அன்றைக்கு அவர் கையில் ஆதாரம் இல்லை.

இந்தக் கதையிலேயே தேடுபவர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. மோர்டெகாய் உயிலைப் பெர்க்ஸ் கவுன்டியில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் 1736இல் பெர்க்ஸ் கவுன்டியே கிடையாது, அது 1752இல் பிரிக்கப்பட்டது. ராக்கிங்ஹாமும் அப்படித்தான், 1778 வரைக்கும் அது அகஸ்டா கவுன்டிக்குள் இருந்தது, ஜான் வாங்கிய நிலம் அகஸ்டா பதிவேட்டில்தான் இருக்கும். ஆள் வீட்டைவிட்டு நகரவே இல்லை, கவுன்டி மாறிக்கொண்டே போகிறது. ஒருவர் திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்துவிட்டால் அவர் இறந்துவிட்டார், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் எல்லை எப்போது மாறியது என்று பார்க்க வேண்டும்.

உயிலைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். எல்லாப் பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குத்தான். அந்தச் சட்டத்தை 1785இல் மாற்றினார்கள், மாற்றம் 1787 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. லிங்கனின் தாத்தா 1786இல் கென்டக்கியில் கொல்லப்பட்டார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி, பழைய சட்டமே இருந்தது. நிலம் அவருடைய மூத்த மகனுக்கு, அவர் பெயரும் மோர்டெகாய்தான், போயிற்று, எட்டு வயது தாமஸுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த தாமஸ்தான் ஜனாதிபதியின் அப்பா. சில மாதங்கள் முன்பின் ஆகியிருந்தால் அந்தக் குடும்பத்தின் வறுமையே வேறு மாதிரி இருந்திருக்கும்! உயில் எழுதியவர்களும், மூத்தவனுக்குத்தான் முன்பே நிலத்தைக் கொடுத்தாயிற்றே என்று அவன் பெயரையே விட்டுவிடுவதுண்டு. ஒரு மகளுக்கு ஒரே ஒரு ஷில்லிங் என்று எழுதியிருந்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று நிறைய பேர் கதை கட்டிவிடுகிறார்கள். கல்யாணத்தின்போதே அவள் பங்கைக் கொடுத்து முடித்திருப்பார்கள், பின்னால் வந்து மறந்துவிட்டார்கள் என்று வழக்குப் போடக் கூடாதே என்று ஒரு ஷில்லிங் எழுதுவார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம்.

அதே மாதிரி ஜூனியர், சீனியர் என்று பதிவேட்டில் பார்த்தவுடன் அப்பா மகன் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வயதில் பெரியவர் சீனியர், சின்னவர் ஜூனியர். சித்தப்பா மகனாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். பெரியவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்.

தேதியும் ஏமாற்றும். பிரிட்டிஷ் காலனிகளில் 1752க்கு முன்னால் புத்தாண்டு மார்ச் 25இல்தான், அதனால் பிப்ரவரி வருடக் கடைசியில் வரும். 1731 பிப்ரவரியில் எழுதிய உயில் 1732 ஏப்ரலில் நீதிமன்றத்துக்கு வந்தால் நடுவில் போனது இரண்டு மாதம்தான், பதினான்கு மாதம் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததே பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, 1752இல் நாட்காட்டியைப் பதினொரு நாள் தள்ளியதால் இப்போது நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22.

சரி, நிலத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். வர்ஜீனியாவில் 1618இலிருந்து ஒரு ஏற்பாடு இருந்தது, காலனிக்கு ஓர் ஆளைச் செலவு செய்து அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர். அதனால் முதல் நிலப்பட்டாக்களில் அழைத்து வரப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் டோனி என்று ஒரு பெயர், பக்கத்தில் கிழக்கிந்தியர் என்ற குறிப்பு. அமெரிக்க மண்ணில் இந்தியர் ஒருவர் கால் வைத்ததற்கு எழுத்தில் இருக்கும் மிகப் பழைய தடயங்களில் அது ஒன்று, அதுவும் யாரோ ஒருவர் தனக்கு 50 ஏக்கர் வாங்குவதற்காக எழுதிய வரி. அவர் எந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறினார் என்று அந்த வரி சொல்லவில்லை. 1651இல் அதே காலனியில் ஆன்டனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர், அடிமையாக வந்து விடுதலையானவர், ஐந்து தலைகளைக் காட்டி நார்தாம்ப்டன் கவுன்டியில் 250 ஏக்கர் வாங்கியிருக்கிறார். இதெல்லாம் பட்டாவில்தான் இருக்கிறது, வேறெங்கே தேடுவது? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், பட்டாவின் வருடமும் அந்த ஆள் வந்திறங்கிய வருடமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தலைக்கு 50 ஏக்கர் என்ற அந்த உரிமைச் சீட்டை விற்றார்கள், வாங்கினார்கள், வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்தும் பயன்படுத்தினார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவட்டன் மக்களின் நிலத்தைத்தான் இப்படிப் பங்கு போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்த ஏக்கர்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை விவரத்தைத் தாண்டிப் போகாதீர்கள் என்று தேடும் எல்லோரிடமும் சொல்வேன். ஓடைக்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் நிலத்தின் மூலை வரைக்கும் இத்தனை போல் என்று போகும், ஒரு போல் என்பது பதினாறரை அடி. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இன்னார்தான் பக்கத்து நிலத்துக்காரர், பெண் கொடுத்த மாமனாராக இருப்பார், உயிலுக்குச் சாட்சி போட்டவராக இருப்பார், அடுத்த தலைமுறையில் கூடவே வேறு கவுன்டிக்கு வண்டி கட்டியவராகவும் இருப்பார். நாங்கள் தேடிய மனிதரின் உண்மையான அப்பாவை அப்படித்தான் பிடித்தோம். ஒரு பத்திரத்தில் அந்த நிலம் முன்பு யாரிடமிருந்து வந்தது என்று தாய்ப்பத்திரத்தின் விவரத்தை இரண்டு வரியில் சொல்லியிருந்தார்கள், தன் தகப்பனார் காலமாகி அவர் வழியாகத் தனக்கு வந்தது என்று. உயில் தொலைந்துபோயிருந்தது, அந்த இரண்டு வரி மட்டும் நின்றிருந்தது.

பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனிச் சொத்து அநேகமாகக் கிடையாது, கணவர் சம்மதமில்லாமல் உயில் எழுதவும் முடியாது. அவள் பெயர் வரும் இடம் ஒன்று உண்டு. கணவர் நிலத்தை விற்றால் விதவைப் பங்கான மூன்றில் ஒன்றை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தாமல் சம்மதித்தாளா என்று கணவர் இல்லாமல் தனியாக அவளிடம் விசாரித்து எழுதுவார்கள். லிங்கனின் பாட்டி பெர்ஷிபாவின் பெயரும் 1780இல் வர்ஜீனியா நிலத்தை விற்ற பத்திரத்தில் இருக்கிறது. நியூயார்க் டச்சுக்காரர்களிடம் இருந்தபோது இவ்வளவு மோசமில்லை, கணவனும் மனைவியும் சேர்ந்தே உயில் எழுதுவார்கள், அவள் பிறந்த வீட்டுப் பெயரும் அப்படியே இருக்கும்.

பதிவேடு எரிந்துபோனால் என்ன செய்வது என்று சம்பந்தியம்மா குடும்பத்தில் கேட்டார்கள். ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி போன்ற கவுன்டிகள் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பதிவேடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பின, 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவையும் சாம்பலாயின. ஆனால் நிலப்பட்டாக்கள் தனியாகக் காலனி அலுவலகத்தில் இருந்தவை, இன்றும் வர்ஜீனியா மாநில நூலகத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே படம் பார்க்கலாம். மேரிலாந்தில் எல்லாக் கவுன்டி உயில்களுக்கும் மத்திய நீதிமன்றத்தில் நகல் வைத்தார்கள், அதனால் கவுன்டி பிரதி போனாலும் அன்னாபொலிஸில் இருக்க வாய்ப்புண்டு. கனெக்டிகட், ரோட் ஐலண்டில் கிரயப் பதிவு கவுன்டியில் இல்லை, அந்தந்த ஊர் அலுவலகத்தில்தான்.

இன்னொரு விஷயம், கட்டுரை தொடாத விஷயம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒருவர் இறந்தால் அக்கம்பக்கத்தார் சிலர் அறை அறையாகப் போய்ச் சொத்துப் பட்டியல் எழுதுவார்கள். மருமகள் வழி முன்னோர் ஒருவரின் பட்டியலை நாங்கள் வாசித்தோம். இறகு மெத்தை ஒன்று, இரும்புச் சட்டிகள், நூற்கும் ராட்டை, பழைய பைபிள், கன்றோடு ஒரு பசு, அதற்கு அடுத்த வரியில் ஒரு பெண்ணும் அவள் கைக்குழந்தையும், எதிரே விலை. உயிலிலோ, அந்தப் பெண்ணை ஒரு மகளுக்கு எழுதிவைத்து, இனி அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அந்த மகளுக்கே என்று சேர்த்திருந்தார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டுவிட்டது. பிறக்காத குழந்தையைக்கூடப் பங்கு பிரித்த கையெழுத்தை நேரில் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆனால் அந்த வரியில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அவர் வம்சத்தில் வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? விடுதலையான கறுப்பின மக்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் வந்தது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும்தான், ஆளுக்குப் பெயர் கிடையாது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் யார் உடைமையாக வைத்திருந்தார்களோ அவர்களுடைய உயில், சொத்துப் பட்டியல், அடிமைகளை விற்ற பத்திரம் இவற்றைத்தான் புரட்ட வேண்டும். ராபர்ட் கார்ட்டர் என்ற வர்ஜீனியாப் பெரும்பண்ணையார் 1791இல் தன்னிடம் இருந்த 450க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்க ஒரு பத்திரம் பதிந்தார். அதில் அவர்கள் பெயரும் வயதும் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட பத்திரங்கள் அபூர்வம். மற்றவர்களுக்கு மெத்தைக்கும் பசுவுக்கும் நடுவில் வரும் அந்த ஒற்றை வரிதான். அதனால் பழைய குடும்பத்துக்காரர்கள் தங்கள் உயிலைப் படியெடுத்துப் போடும்போது அந்தப் பெயர்களை விட்டுவிட்டு மெத்தை, பைபிள் வரைக்கும் மட்டும் போடுவது பெரிய அநியாயம். அப்படிச் செய்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். சம்பந்தியம்மாவின் அண்ணனுக்கு இதை வெளியில் சொல்வதில் விருப்பமில்லை, இருந்தாலும் சம்பந்தியம்மா ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டுப் பக்க எண்ணோடு சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இப்போது வசதியும் வந்துவிட்டது. ஃபேமிலிசர்ச் தளத்தில் 2024இலிருந்து அமெரிக்க உயில், நிலப் பதிவேடுகளின் கையெழுத்தைக் கணினியே படித்து, எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தேட விடுகிறது, காசும் இல்லை. முன்பு அட்டவணையில் விற்றவர், வாங்கியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். இப்போது சாட்சி, பக்கத்து நிலத்துக்காரர், பட்டியலுக்கு நடுவில் இருக்கும் அடிமைப் பெண் என்று எல்லோரையும் தேடலாம். ஆனால் தேடிக் கிடைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் படத்தைத் திறந்து கண்ணால் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எஸ் எழுத்தை நீட்டி எஃப் மாதிரி போடுவார்கள், ஜெஸ்ஸியைக் கணினி ஜெஃப்ஸி என்று படித்துவைக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் வாசகர்கள் நிறைய பேர் வீட்டில் இப்போது இரண்டு வம்சமும் கலந்த பிள்ளைகள் வளர்கிறார்கள், பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்கிறார்கள். அதனால் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மரத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த உயில், எந்தப் பத்திரம், எந்தப் பக்கம் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு உயிலின் பக்கத்தையும் ஒரு சொத்துப் பட்டியலின் பக்கத்தையும் படமாக அச்சிட்டு, வரி வரியாக எப்படிப் படிப்பது என்று காட்டுங்கள். எங்களிடம் இருக்கும் படங்களை அனுப்ப நானும் சம்பந்தியம்மாவும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வர்ஜீனியா